கம்போவுக்கு எந்த பீர்? லூசியானா பக்கம் இருக்கிறவங்க சொல்லுங்க

கொங்கு_ஹூஸ்டன்:

வணக்கமுங்க. மார்ச் கடைசியில மச்சினன் ஊர்ல இருந்து வர்றான். பெங்களூர்ல வேலை. அங்க இருக்கற மைக்ரோ ப்ரூவரி ஒண்ணு விடாம சுத்துனவன், ஐபிஏங்கற கசப்பு பீர் தவிர வேற எதையும் பீர்னே ஒத்துக்க மாட்டான். ஹூஸ்டன்ல ஐ-10 புடிச்சு நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் போலாம்னு இருக்கறோம். முதல் ராத்திரி லஃபாயெட்ல தங்கல். வண்டி ஓட்டறது என்ற வீட்டம்மா. அவங்க குடிக்கறதில்லீங்க, சுத்த சைவமும் கூட.

போன தடவை நியூ ஆர்லியன்ஸ்ல டூரிஸ்ட் கூட்டம் மொய்க்கற கடை ஒண்ணுல கம்போ சாப்பிட்டேன், சோத்துல ஊத்தித் தின்னற அந்த ஊர்க் குழம்பு. தண்ணியா ஓடுச்சு, உப்பு வேற கரிச்சுது. கூட ஒரு ஐபிஏ. காரமும் கசப்பும் சேர்ந்து நாக்கு எரிஞ்சது தான் மிச்சம். ஆனா அந்த ஊர் சாப்பாட்டைப் பத்தி எல்லாரும் அவ்வளவு சொல்றாங்க, நானும் விடறதா இல்லை.

எதுக்கு எந்த பீர்ங்க? கேஜன், க்ரியோல்னு ரெண்டு பேர் சொல்றாங்களே, என்ன வித்தியாசம்? உண்மையில அது யாரோட சமையல்? வீட்டம்மாவுக்கு அங்க என்ன கிடைக்கும்?

சோடா_சேகர்:

ஐபிஏ தாங்க கெத்து. எரிஞ்சா இன்னொண்ணு வாங்குங்க.

பேயூ_பாண்டி:

சேகர் தம்பி பேச்சை மட்டும் கேட்டுராதீங்க அண்ணாச்சி.

நான் லஃபாயெட்ல தான் இருக்கேன். சொந்த ஊர் ஆறுமுகநேரி. ஆயில் கம்பெனி வேலைக்கு வந்தவன், இந்த ஊர் சோறும் குழம்பும் புடிச்சுப்போய் இங்கனயே கெடக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கிடுங்க.

நாக்கு எரிஞ்சதுக்கு அந்தக் கடைக்காரன் மட்டும் காரணமில்ல. ஐபிஏ-ல ஹாப்ஸ்னு ஒரு பூவோட கசப்பு ஜாஸ்தி, ஆல்கஹாலும் ஆறு ஏழு சதவீதம் நிக்கும். மிளகாய்க் காரத்துக்கு ரெண்டுமே ஆகாது, எரிச்சலைத் தூக்கிக் கொடுக்கும். சுர்ருனு ஏறுற கேஸும் அப்படித்தான். காரத்தை அமர்த்துறது மால்ட்டோட, அதாவது முளைகட்டுன பார்லியோட, இனிப்பு. அதனால மால்ட் தூக்கலா, ஹாப்ஸ் அடக்கமா உள்ள பீரா பாத்து எடுங்க.

இப்போ கம்போ. அதுக்கு அடி ரூ. மைதாவும் எண்ணெயும் சரிக்குச் சரி போட்டு, அடுப்பை விட்டு நகராம கிண்டணும். பிரான்ஸ்ல வெண்ணெய் போட்டு வெளுப்பா எடுப்பான். இங்க அவ்வளவு நேரம் வறுத்தா வெண்ணெய் தீஞ்சிரும், அதனால எண்ணெய் இல்லன்னா பன்னிக்கொழுப்பு. பொன்னிறம், வேர்க்கடலை நிறம், செம்புக்காசு நிறம்னு ஏறிக்கிட்டே போகும். எங்க பக்கத்துக் கெழவிங்க சாக்லேட் நிறம் வர்ற வரைக்கும் விடமாட்டாங்க. முக்கா மணி நேரம்கூட ஆகும். கரும்புள்ளி தட்டுச்சுன்னா மொத்தத்தையும் கொட்டிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியது தான், வேற வழியே கெடையாது. நிறம் வந்த நிமிஷம் வெங்காயம், செலரி, பச்சைக் குடமிளகாய் மூணையும் போட்டு சூட்டை அடக்குவாங்க. பரிசுத்த திரித்துவம்னே இந்த மூணுக்கும் பேரு, எல்லாம் கத்தோலிக்க ஊராச்சே.

பீர்க்காரனும் வேற என்ன செய்யுதான்? பார்லியை முளைகட்டிக் காயவச்சு வறுக்கான். தானியத்துல உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டுல கறுத்து மணக்குற வேலை ரெண்டு சட்டியிலயும் ஒண்ணு தான். நான் கண்ட கணக்கு இதுதான் அண்ணாச்சி: ரூ எந்த நிறமோ, பீரும் அந்த நிறம். கோழியும் ஆண்டூய்ங்கிற பன்னிக்கறி சாசேஜும் போட்ட கறுத்த கம்போவுக்கு அபிட்டா ப்ரூவரியோட டர்போடாக். பிரவுன் ஏல், 5.6 சதவீதம், சாக்லேட் மால்ட் போட்டது. பனிக்கட்டி குளிர்ல குடிக்காதீங்க, மேசையில பத்து நிமிஷம் இருக்கட்டும். இறால் போட்ட வெளிர் கம்போவுக்கும் ஜம்பலாயாங்கிற கறிச்சோத்துக்கும் அபிட்டா ஆம்பர், ம்யூனிக் பாணி லாகர். பர்ப்பிள் ஹேஸ்னு ராஸ்பெர்ரி போட்டது ஒண்ணு பிரபலம். எனக்கு அது சர்பத், நீங்க உங்க இஷ்டம்.

அபிட்டா ஸ்ப்ரிங்ஸ் ஊரு நியூ ஆர்லியன்ஸுக்கு வடக்க, பான்சர்ட்ரேன் ஏரிக்கு அந்தப் பக்கம். ஏரி மேல கிட்டத்தட்ட 24 மைல் பாலம், நடுவுல ரெண்டு பக்கமும் கரையே கண்ணுக்குத் தெரியாது. ப்ரூவரியை 1986-ல ஆரம்பிச்சாங்க, முதல் வருஷம் போட்டது 1,500 பேரல். அந்த ஊரு பாதாள ஊத்துத் தண்ணியில தான் இன்னிக்கும் போடுதாங்க. க்ராஃப்ட் பீர்னா தென் மாகாணங்கள்ல யாரும் சீண்டாத காலம் அது.

ரெண்டாவது கேள்விக்கு வாறேன். யாரோட சமையல்னு கேட்டீங்க. ஒரு சட்டி கம்போவுக்கு எத்தனை பங்காளின்னு பாருங்க. ரூ பிரெஞ்சு. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டுவரப்பட்ட சனத்தோட வந்தது. ஃபீலேனு ஒரு பச்சைப்பொடி தூவுவாங்க, சாஸஃப்ராஸ் மரத்து இலையைக் காயவச்சு இடிச்சது, அது சாக்டா பழங்குடி மக்கள் கொடுத்தது. ஆண்டூய் சாசேஜ்ல ஜெர்மன் கை இருக்கு. 1721-ல இருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு மேல ஆத்தங்கரையோரம் ஜெர்மன் குடியானவங்க வந்து எறங்குனாங்க. ஜெர்மன் கோஸ்ட்னே பேராயிப் போச்சு. பஞ்சத்துல கெடந்த ஊருக்கு காய்கறி வெளையவச்சுப் போட்டவங்க. அந்தக் கரையில உள்ள லாப்ளாஸ் ஊரு தான் இன்னிக்கு ஆண்டூய்க்குத் தலைநகரம்னு சொல்லிக்கிடுது. இங்க லஃபாயெட் பக்கம் கம்போவுக்குள்ள உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு கரண்டி போட்டுக் குடுப்பான். அதுவும் ஜெர்மன்காரங்க வழக்கம்னு தான் சொல்லுதாங்க. மூஞ்சியைச் சுளிக்காம சாப்பிட்டுப் பாருங்க. கேஜன் பாட்டுல வாசிக்கிற அக்கார்டியனும் ஜெர்மன்காரங்க கொண்டுவந்தது தான்.

கேஜன்காரங்க கதை வேற. கனடாவுல இப்போ நோவா ஸ்கோஷியான்னு சொல்ற அக்காடியாவுல இருந்த பிரெஞ்சு விவசாயிங்களை 1755-ல இருந்து பிரிட்டிஷ்காரன் வீடு வாசலைக் கொளுத்தித் தொரத்துனான். அலைஞ்சு திரிஞ்சு 1760-கள்ல இங்க வந்து சேர்ந்தாங்க. அப்போ லூசியானா பிரான்ஸ் கையில இருந்து ஸ்பெயின் கைக்குப் போயிருச்சு. சதுப்புநிலத்துலயும் புல்வெளியிலயும் ஒரே சட்டியில ஆக்கித் தின்னு பொழைச்ச சமையல் கேஜன். க்ரியோல்னா நகரத்துச் சமையல். பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆப்பிரிக்க, கரீபியக் கை எல்லாம் கலந்து, வெண்ணெய் தக்காளியோட வீட்டுல சமையலாள் வச்சு ஆக்குனது. 1809-ல மட்டும் ஹெய்ட்டி புரட்சிக்குத் தப்பி ஓடுனவங்க கியூபா வழியா ஒம்பதாயிரம் பேருக்கு மேல நியூ ஆர்லியன்ஸ்ல வந்து எறங்குனாங்க. தக்காளி போட்டா க்ரியோல், போடலன்னா கேஜன்னு கைடு ஒரே வரியில சொல்லுவான். ஜம்பலாயாவுக்கு அது ஓரளவு சரி. ஆனா லஃபாயெட் பக்கத்துலயே கறுப்பின க்ரியோல் மக்கள் தலைமுறை தலைமுறையா இருக்காங்க, அவங்க வீட்டு கம்போவையும் பக்கத்து கேஜன் வீட்டு கம்போவையும் ருசி பாத்துப் பிரிக்க என்னால முடியாது.

கேஜன்னாலே காரம்னு உலகம் முழுக்க நெனைக்கதுக்கு பால் ப்ரூடோம் ஒரு பெரிய காரணம். ஓபலூசஸ் பக்கத்துக்காரர், 1979-ல நியூ ஆர்லியன்ஸ்ல கடை போட்டவரு. மீனை மசாலா தடவிக் கரிய வாட்டிக் குடுத்தாரு. நாடே கிறுக்குப் புடிச்ச மாதிரி ரெட்ஃபிஷ் தின்ன ஆரம்பிச்சு, மீன்வளம் கொறஞ்சு, வணிக மீன்பிடிப்புக்கே தடை போட வேண்டியதாயிப் போச்சு. இங்க வீட்டுச் சாப்பாடு அவ்வளவு காரம் இருக்காது. நம்ம நாக்குக்கு பாதிக் காரம் தான்.

மார்ச் கடைசின்னா க்ராஃபிஷ், இறால் மாதிரி ஒரு நன்னீர் சாதி, உச்சத்துல இருக்கும். நெல் அறுத்த வயல்லயே தண்ணி கட்டி வளக்காங்க. க்ரௌலி பக்கம் ரோட்டுல போகும்போதே வயல்ல செவப்புக் கூண்டு தல தூக்கி நிக்கும் பாருங்க. காரப்பொடி போட்ட தண்ணியில சோளம், உருளைக்கிழங்கோட அவிச்சு மேசையில கொட்டிருவான். அதுக்கு க்ராஃப்ட் பீரெல்லாம் வேண்டாம், இருக்கதுலயே லேசான லாகரைக் குளிரக் குளிரக் குடிங்க. கையெல்லாம் மசாலா, கண்ணுல மட்டும் வச்சிராதீங்க.

சரசு_கெனர்:

பாண்டி தம்பி எல்லாத்தையும் எழுதிட்டு சைவக் கேள்வியை மட்டும் நைசா விட்டுடுச்சு. நான் சொல்றேன்.

கம்போ எதுவும் வேண்டாம்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடுங்க. கீரை போட்ட பச்சை கம்போ ஒண்ணு இருக்கு, கம்போ ஸேர்ப். கேட்டா ஆசையா இருக்கும். தவக்காலத்துல இறைச்சி இல்லாம ஆக்கறதும் உண்டு. ஆனா டூக்கி சேஸ் கடையில லியா சேஸ் அம்மா பெரிய வியாழன் அன்னைக்கு ஆக்கி ஊரே வரிசையில நின்ன பச்சை கம்போவுல பல வகைக் கீரையோட பல வகைக் கறியும் கிடக்கும். 2019-ல அவங்க இறந்ததுக்கு அப்புறமும் குடும்பம் கடையை நடத்தறாங்க. திங்கட்கிழமை எங்க பாத்தாலும் ரெட் பீன்ஸும் சோறும் போடுவாங்க. அந்தக் காலத்துல திங்கள்தான் துணி துவைக்கிற நாளாம், பயறை அடுப்புல ஏத்திட்டு வேலையைப் பாத்திருக்காங்க. பாக்க நம்ம ராஜ்மா தான், உள்ள பன்னி எலும்பு. பரிமாறற பொண்ணுகிட்ட இறைச்சி உண்டான்னு கேட்டா இல்லைம்பா, சாசேஜை மட்டும் எடுத்துட்டுக் கொண்டுவந்து வெப்பா. எந்தத் தண்ணியில வேகவெச்சதுன்னு கேளுங்க.

சைவத்துக்கு நல்ல வழி நியூ ஆர்லியன்ஸ் கிழக்குல இருக்கற வியட்நாம் பகுதி. 1975-க்கு அப்புறம் வந்து குடியேறினவங்க. டோங் ஃபுவாங் பேக்கரில ரொட்டி அருமையா இருக்கும், டோஃபு வெச்ச பான் மீன்னு வியட்நாம் சாண்ட்விச் கேளுங்க, மீன் சாஸ் வேண்டாம்னு தெளிவா சொல்லிடுங்க. காலையில கஃபே டு மோண்ட். 1862-லேர்ந்து இருக்கற கடை. பென்யேங்கற சர்க்கரை தூவின பலகாரத்தைப் பருத்திக்கொட்டை எண்ணெயில தான் பொரிக்கறாங்க. காபில சிக்கரி கலந்திருக்கும். உள்நாட்டுப் போர்ல துறைமுகத்தை அடைச்சு காபிக்கொட்டை வராமப் போனப்போ ஊர் முழுக்கப் பரவின பழக்கமாம். கும்பகோணத்துக்காரி எனக்கு வந்த புதுசுல இந்த ஒண்ணு தான் ஆறுதல்.

சமைக்கத் தெரிஞ்சவங்களா இருந்தா வீட்டுலயே பண்ணுங்க, சைவ கம்போ நல்லாவே வரும். வெண்டைக்காயைத் தனியா எண்ணெயில வதக்கி, கோழை அடங்கினதும் சேருங்க. ரூ கறுக்கக் கறுக்க கெட்டியாக்கற சக்தி குறைஞ்சுடும், அதனால தான் வெண்டைக்காயோ ஃபீலேவோ வேண்டியிருக்கு. ரெண்டையும் ஒண்ணா போட்டா கொழகொழன்னு ஆயிடும். ஃபீலேன்னா அடுப்பை அணைச்சுட்டு தான் தூவணும், கொதிக்கும்போது போட்டா நூல் நூலா இழுக்கும்.

இன்னொண்ணு. பச்சைச் சிப்பி எல்லா இடத்துலயும் வெப்பாங்க. ஸ்டவுட்டுங்கற கறுப்பு பீரோட ஜோடி சேரும்னு சொல்வாங்க. கல்லீரல்ல கோளாறு, சர்க்கரை இருக்கறவங்க பச்சையா தொடவே கூடாது, விப்ரியோ கிருமி ஆளையே கொண்டுபோயிடும். நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவ, விளையாட்டுக்குச் சொல்லலை. சுட்ட சிப்பி தாராளமா சாப்பிடுங்க.

காவிரிக்கரையான்:

பாண்டி அண்ணே, படிக்க நல்லா இருந்துச்சு. ஆனா ஆளுக்கொரு பங்கு பிரிச்சுக் கொடுத்துட்டு கடந்து போறது எனக்கு உறுத்துது. பிரெஞ்சுக்காரனுக்கு ரூ, ஜெர்மன்காரனுக்கு சாசேஜ், ஆப்பிரிக்காவுக்கு ஒரு வெண்டைக்காய், அவ்வளவு தானா? அடுப்படியில நின்னது யாரு? நகரத்து க்ரியோல் வீட்டுல "சமையலாள் வச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. அந்தச் சமையலாள் சம்பளத்துக்கு வந்தவங்க இல்லையே.

பேயூ_பாண்டி:

வாஸ்தவம் தம்பி, வெண்டைக்காயோட முடியுற சங்கதி இல்ல. சோறே அங்க இருந்து தான் ஆரம்பிக்குது. 1719-ல ஆப்பிரிக்காவுல இருந்து முதல் அடிமைக் கப்பலுங்க லூசியானா வந்தப்போ, நெல் வெவசாயம் தெரிஞ்ச ஆளுங்களையும் விதைநெல்லையும் பாத்து ஏத்திட்டு வரணும்னு கேப்டனுக்கு உத்தரவே போட்டிருந்தாங்க. பிரெஞ்சுக்காரனுக்கு சதுப்புல நெல்லு போடத் தெரியாது, மேற்கு ஆப்பிரிக்காவுல உள்ள செனகாம்பியாக்காரனுக்குத் தெரியும். பிரெஞ்சு ஆட்சியில இங்க கொண்டுவந்தவங்கள்ல பெரும்பகுதி அந்த செனகாம்பியா சனம் தான். வெண்டைக்காய் போட்டு கெட்டியா குழம்பு வச்சு சோத்துல ஊத்திச் சாப்பிடுறது அவங்க ஊருச் சாப்பாடு. அந்தச் சட்டிக்குள்ள தான் மத்தவங்க கொண்டுவந்ததெல்லாம் விழுந்துச்சுன்னு சொன்னா நான் ஒத்துக்கிடுவேன்.

ஜெர்மன் கோஸ்ட்டையும் வெறும் காய்கறித் தோட்டம்னு நெனைக்காதீங்க. அங்க வாலஸ்ல விட்னி ப்ளாண்டேஷன் இருக்கு. ஆரம்பிச்சதே அம்ப்ரோஸ் ஹைடல்னு ஜெர்மன் வழி வந்த ஆளு, 1752-ல. முதல்ல அவுரி, அப்புறம் கரும்பு, எல்லாம் அடிமை உழைப்பு. பஞ்சம் பொழைக்க வந்த குடும்பம் ஒண்ணு ரெண்டு தலைமுறையில பண்ணையாராயிருச்சு. 1811 ஜனவரியில அமெரிக்காவுலயே பெரிய அடிமைக் கலகம் வெடிச்சதும் அதே ஜெர்மன் கோஸ்ட்ல தான். அடக்குனதுக்கு அப்புறம் தலையை வெட்டிக் கம்புல குத்தி ஆத்தங்கரை நெடுக நட்டு வச்சாங்க. 2014-ல அந்தப் பண்ணையை மியூசியமாத் தொறந்தாங்க. மத்த பண்ணை வீட்டுலெல்லாம் சரவிளக்கையும் மாடிப்படியையும் காட்டுவான். இங்க அடிமையா இருந்தவங்க பேரைச் செவத்துல பொறிச்சிருக்கான், சுத்திக் காட்டுறதும் அவங்க வாழ்க்கையை வச்சுத்தான்.

கொங்கு அண்ணாச்சி, லாப்ளாஸ்ல இருந்து கொஞ்ச தூரம் தான், ஆத்துக்கு அந்தக் கரை. வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

கொங்கு_ஹூஸ்டன்:

நன்றிங்க எல்லாருக்கும். சரசக்கா, பென்யேவும் சிக்கரி காபியும்னு சொன்னதுமே வீட்டம்மா கிளம்பத் தயாராயிட்டாங்க. விட்னியையும் திட்டத்துல சேர்த்தாச்சு.

பாண்டிண்ணா, மச்சினன்கிட்ட டர்போடாக் கதையைச் சொன்னேன். "அதெல்லாம் பழைய காலத்து பீர் மாமா"ங்கறான். அவனுக்கு என்ன பண்றதுங்க? அப்புறம், லஃபாயெட்ல ராத்திரி எங்க போறது? திரும்பி வரும்போது என்ன வாங்கிட்டு வரலாம்?

பேயூ_பாண்டி:

மச்சினனை நேரா ப்ரூசார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, லஃபாயெட்டுக்குத் தெக்க பக்கத்துலயே. பாரிஷ் ப்ரூயிங் அங்க தான். கோஸ்ட் இன் த மெஷின்னு கலங்கலா ஒரு டபுள் ஐபிஏ, சிட்ரா ஹாப்ஸை அள்ளிக் கொட்டியிருப்பான், 8.5 சதவீதம். சாப்பாட்டுக்கு முன்னால அதுல ஒண்ணு குடிக்கட்டும், ஆசை தீரும். ரெண்டாவது கேட்டா கொடுக்காதீங்க. வெறும் வயித்துல அது ஆளைக் கவுத்துரும்.

நேரம் இருந்தா வடக்க ஆர்நோடுவில்லுக்கு ஒரு எட்டு. பேயூ டேஷ் ப்ரூயிங், நாட் சகோதரர்கள் 2009-ல ஆரம்பிச்சது. கேஜன், க்ரியோல் சாப்பாட்டுக்கு ஏத்த பீர் போடணும்னே எறங்குனவங்க. எல்ஏ-31னு அந்த வழியாப் போற ரோட்டு நம்பரையே பீருக்குப் பேரா வச்சிருக்காங்க. என்னிக்கு தொறந்திருக்கும்னு போன் போட்டுக் கேட்டுட்டு போங்க, கிராமத்து எடம்.

மறுநாள் காலையில அட்சாஃபலாயா சதுப்பு மேல 18 மைல் பாலத்துல போவீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள போனா பனிமூட்டம் கலைஞ்சிருக்காது, வீட்டம்மாவை நிதானமா ஓட்டச் சொல்லுங்க.

ஹூஸ்டன்ல இருந்து லஃபாயெட் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால ஸ்காட்னு ஒரு ஊரு வரும், பூடின் தலைநகரம்னு போர்டு இருக்கும். பன்னிக்கறி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் எல்லாம் பெசஞ்சு குடல்ல அடைச்சது. கேஸ் ஸ்டேஷன்ல தான் நல்லது கிடைக்கும், சிரிக்காதீங்க. தோலை விட்டுட்டு உள்ள உள்ளதைப் பிதுக்கித் தின்னணும். ஆம்பர் லாகர் ஒண்ணு கூட இருந்தா போதும், அதுவும் தங்குற எடத்துக்குப் போய் சேர்ந்த பொறகு. திரும்பும்போது ஐஸ்பெட்டி கொண்டுவாங்க, லாப்ளாஸ்ல ஆண்டூய் வாங்கி அடுக்கிருங்க. ஃபீலே பொடி சின்ன டப்பாவா வாங்குங்க, பெருசா வாங்கினா மணம் போயிரும்.

க்ராஃபிஷ் மட்டும் உசுரோட மூட்டையா வாங்கி ஹூஸ்டன் வரைக்கும் கொண்டுபோகணும்னு நெனைக்காதீங்க. உங்க ஊரு பெல்லேர் ரோட்டுல வியட்நாம்காரங்க பூண்டும் வெண்ணெயும் போட்டுப் புரட்டிக் குடுக்கான் பாருங்க, அது எங்க ஊரையே தூக்கிச் சாப்பிட்டுரும். இதை லஃபாயெட்ல வந்து சத்தமா சொல்லிராதீங்க.